மைசெல்ஃப் செல்வநாயகி

மைசெல்ஃப் செல்வநாயகி என்று ஆரம்பிக்கக் கூடாது, ஐ ஆம் செல்வநாயகி என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஞாபகம் இருக்கிறது, எல்லாம் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது, இந்த அமெரிக்க விசா ஆபீஸ் வரிசைதான் நகர மாட்டேன் என்கிறது. ஏசியை இப்படியா வைப்பார்கள்? அமெரிக்கா போகிறவர்கள் இங்கேயே குளிருக்குப் பழகிக்கொள்ளட்டும் என்று வைத்திருக்கிறார்களோ என்னவோ. பட்டு கட்டாதீர்கள், பகட்டாகத் தெரியும் என்று விசா ஏஜென்ட் சொன்னான். நூல்புடவை கட்டாதே, இல்லாதவள் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று நாத்தனார் சொன்னாள். இரண்டு பேர் பேச்சையும் கேட்காமல் எனக்குப் பிடித்த அரக்கு நிறச் சின்னாளப்பட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். காங்கயத்தில் தேங்காய்க் களம் நடத்துகிறவள் நான். லாரிக்காரர்கள், புரோக்கர்கள், எண்ணெய் மில்காரர்கள் எல்லோரிடமும் நின்று பேசிச் சமாளித்தவள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனைப் பார்த்தா பயப்படப் போகிறேன்? பயமெல்லாம் இல்லை. கேட்பார்கள், சொல்வேன், அவ்வளவுதான். சொன்னது பிடித்தால் பாஸ்போர்ட்டை அவர்களே வைத்துக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சந்து வழியாகத் திருப்பித் தள்ளிவிடுவார்கள். கையில் பாஸ்போர்ட்டோடு வெளியே வந்தால் போச்சு. போன தடவை அப்படித்தான் வந்தேன். அப்போது எனக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது, கேட்டதற்கெல்லாம் யெஸ் யெஸ் என்று தலையாட்டினேன், எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் போன தடவை ஊர் பார்க்கப் போகத்தான் கேட்டேன், கிடைக்காவிட்டால் குடி முழுகிப் போகாது. இந்தத் தடவை வாணிக்கு எட்டாம் மாதம். கோகிலவாணி, என் ஒரே பெண், கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலை. இன்றைக்கு இந்தச் சந்து வழியாகப் பாஸ்போர்ட் திரும்பி வந்தால் அந்தப் பிள்ளை பிரசவத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் கிடக்கும். வாசலில் எதிர்ச்சாரி மரத்தடியில் இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறார், உள்ளே போன் கொண்டுவரக் கூடாதாம். இந்நேரம் நாலு டீயாவது குடித்திருப்பார்.

ஐ ஆம் செல்வநாயகி. ஐ ஆம் ஃப்ரம் காங்கயம். நஸ்ரின் மிஸ் முதல் நாள் வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தி உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா என்றதும் நான் பெருமையாக மைசெல்ஃப் செல்வநாயகி என்றேன். டிவியில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பின் பெஞ்சில் இருந்த காலேஜ் பிள்ளைகள் சிரித்தார்கள். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கிவிட்டார்கள். செல்போன் கடை மாடியில் வகுப்பு, மிஸ்ஸுக்கு வாணியைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும், வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். அம்மா, மைசெல்ஃப் என்று பேருக்கு முன்னால் போடக் கூடாது, நாம் செய்கிற காரியம் நம் மேலேயே வந்து விழுந்தால்தான் மைசெல்ஃப் போட வேண்டும் என்றார். ஐ கட் மைசெல்ஃப், நானே என்னை வெட்டிக்கொண்டேன். ஐ பர்ன்ட் மைசெல்ஃப், நானே என்னைச் சுட்டுக்கொண்டேன். என்ன மிஸ், வெட்டறதும் சுடறதுமாவே இருக்குது, நல்லதா ஒண்ணும் விழாதா என்று கேட்டேன். சிரித்துவிட்டு என்ஜாய் மைசெல்ஃப் சொல்லிக் கொடுத்தார். சந்தோஷமாக இருப்பதைக்கூட அவர்கள் நானே என்னைச் சந்தோஷப்படுத்திக்கொண்டேன் என்றுதான் சொல்கிறார்கள், வேறு யாரும் வந்து செய்ய மாட்டார்கள் போலிருக்கிறது. ஹெல்ப் யுவர்செல்ஃப் என்று ஒன்று. வீட்டுக்கு வந்த ஒறம்பரையைச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்துவிட்டு அப்படிச் சொல்வார்களாம், நீயே எடுத்துப் போட்டுத் தின்றுகொள் என்று அர்த்தம், அது மரியாதையாம். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் வந்தவன் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விடுவான், அப்புறம் அந்த வீட்டுக் காதுகுத்துக்குக்கூட வர மாட்டான். நாங்கள் கரண்டியோடு இலைக்கு எதிரே நின்று, போதும் போதும் என்று வந்தவர் கையால் இலையை மறைக்க, விரல் சந்தில் ஊற்றிவிட்டுத்தான் நகர்வோம். அந்த ஊரில் என் பெண் எட்டு வருஷமாக ஹெல்ப் யுவர்செல்ஃப் தின்று உயிர் வாழ்கிறாள். வயிறும் பிள்ளையுமாக, ஒரு கரண்டி நெய் ஊற்ற ஆள் இல்லாமல். சரி, அதை இப்போது நினைக்க வேண்டாம், இப்போது பதில்களை நினைக்க வேண்டும்.

பதில்கள் எல்லாம் தயார். ஒய் ஆர் யூ கோயிங் என்றால் ஐ ஆம் கோயிங் ஃபார் சைட்சீயிங். வாட் வில் யூ டூ தேர் என்றால் ஐ வில் என்ஜாய் மைசெல்ஃப். ஹூ டஸ் யுவர் டாட்டர் லிவ் வித் என்றால், ஷி லிவ்ஸ் வித் ஹெர் ஹஸ்பண்ட். ஹஸ்பண்ட் என்று சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடிக்கிறது, மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது. பிரசவம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்பது ஏஜென்ட் கட்டளை. எடுத்தால் ஆயா வேலைக்குப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்களாம். எனக்கு முன்னால் நிற்கிற ரிட்டயர்டு பேங்க் மேனேஜரும் அதையேதான் சொல்கிறார். மதுரைக்காரர், சம்சாரத்தோடு வந்திருக்கிறார், வரிசையில் நின்றதில் பழக்கம். "பேரப்பிள்ளையப் பாக்கப் போறேன்னு வாயத் திறந்துராதீங்கம்மா. எங்க தெருவுல ஒருத்தரு உண்மையச் சொல்லிட்டு வெறுங்கையா வந்தாரு. ஊர் சுத்திப் பாக்கப் போறோம், அவ்வளவுதான்." அவர் சம்சாரம் அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தக் கூடத்தில் இருக்கிற ஆத்தாக்களில் முக்கால்வாசிப் பேர் பிரசவம் பார்க்கப் போகிறவர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஒவ்வொருத்தர் பெட்டியிலும் சுக்கும் பிரசவ லேகியமும் காத்துக்கொண்டிருக்கும். அத்தனை பேரும் மலையும் அருவியும் பார்க்கப் போவதாகச் சொல்லி ஒப்பிக்கிறோம். இந்த வெள்ளைக்காரர்களுக்கு இந்த ஊர் கிழவிகளுக்கு அருவி மேல் என்ன இத்தனை ஆசை என்று தோன்றாதா? தோன்றினால் தோன்றட்டும். சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். ஷி லிவ்ஸ் வித் ஹெர் ஹஸ்பண்ட். அந்த வாக்கியத்தை மட்டும் ஏஜென்ட் எழுதவில்லை, வாணியே போனில் சொல்லிக் கொடுத்தாள். நான் தனியா இருக்கேன்னு தெரிஞ்சா நீ திரும்பி வர மாட்டேன்னு நெனைப்பாங்கம்மா, இப்படிச் சொல்லிடு என்றாள். இரண்டு தடவை என்னைச் சொல்ல வைத்தாள், உச்சரிப்பைத் திருத்தினாள். குரல் துளி நடுங்கவில்லை. என் பெண்ணல்லவா.

துளி நடுங்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமே. தேங்காயைத் தட்டிப் பார்க்கிறவளுக்குச் சத்தம் தெரியும், நல்ல காயும் கத்தும், சொத்தைக் காயும் கத்தும், ஒன்றுமே சொல்லாத காய்தான் சங்கடம். மாசி மாதம் ஒரு நாள் காலையில் களத்தில் தேங்காய்ப் பருப்பு காய வைத்துக்கொண்டிருந்தபோது வாணி போன் பண்ணினாள். வழக்கமாகச் சாப்பிட்டியா, அப்பா என்ன பண்றாரு என்று தமிழில் தொடங்குகிறவள், அன்றைக்கு எடுத்த எடுப்பில் இங்கிலீஷ். வீ ஸ்ப்ளிட் அப் அம்மா. ஐ ஆம் பை மைசெல்ஃப் நவ். டோண்ட் வொர்ரி, ஐ வில் மேனேஜ். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் குரல் புரிந்துவிட்டது. போனை இவர் கையில் கொடுத்தேன். இவர் பி.யூ.சி. படித்தவர், இங்கிலீஷ் பேப்பர் வாசிப்பவர். கேட்டுக்கொண்டே இருந்தவர் அப்படியே பருப்பு மேலேயே உட்கார்ந்துவிட்டார். காய்கிற பருப்பின் மேல் யாராவது உட்கார்ந்தால் கத்துகிற மனுஷன். என்னுங்க என்று கேட்டேன். பிரிஞ்சுட்டாங்களாம் என்றார். அப்புறம் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நாத்தனாருக்குத் தெரியாது, களத்துப் பெண்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை எப்படி இருக்காப்ல என்று கேட்டால் அவியளுக்கென்ன என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. நிஜத்தை என் வாயால் இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை, சாமியிடம்கூடச் சொன்னதில்லை, சென்னிமலைக்குப் போய்ப் பேசாமல் நின்றுவிட்டு வந்தேன். மறுநாள்தான் நஸ்ரின் மிஸ்ஸிடம் பேர் கொடுத்தேன். விசாவுக்கு என்று ஊருக்குச் சொன்னேன். என் பெண் எந்தப் பாஷைக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறாளோ அந்தப் பாஷைக்குள் நானும் போய்ப் பார்த்துவிடுவது என்று போனேன், அதை மிஸ்ஸிடம்கூடச் சொல்லவில்லை.

போய்ப் பார்த்தால் அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு வால். ஸ்ப்ளிட் என்றால் பிளப்பது, அது நான் தினமும் செய்கிற வேலை. அதோடு அப் சேர்த்தால் புருஷன் பெண்டாட்டி பிரிவது. பிரேக் அப், அதுவும் பிரிவது. கிவ் அப், விட்டுவிடுவது. க்ரோ அப், வளர்வது. ஷட் அப், வாயை மூடு. ஏன் மிஸ், அப்னா மேலேதானே, பிரிஞ்சா கீழதானே உழுகோணும் என்று கேட்டேன். அதுக்கெல்லாம் காரணம் கேக்கக் கூடாதும்மா, பழகிக்கணும் என்றார். பழகிக்கொண்டேன். லுக் ஒன்றே ஒன்று, அதற்கு எத்தனை வால். லுக் ஃபார் என்றால் தேடுவது, லுக் அட் என்றால் பார்ப்பது, லுக் டவுன் ஆன் என்றால் இளக்காரமாகப் பார்ப்பது, லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள்வது. கடைசியில் இருக்கிற அந்தக் குட்டி வார்த்தை மாறினால் தேடுகிறவள் இளக்காரம் செய்கிறவள் ஆகிவிடுகிறாள். ஐ வில் லுக் ஆஃப்டர் என்று ஒரு நாள் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரை என்று சொல்லுங்கம்மா, சொல்லாமல் விட முடியாது என்றார் மிஸ். எனக்கு வந்ததே கோபம். நான் பாத்துக்கறேன் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியவள் நான். மழை வருதுங்கக்கா, நான் பாத்துக்கறேன். லாரி வரலைங்கக்கா, நான் பாத்துக்கறேன். மாமனார் படுத்த படுக்கையானபோது, நாத்தனார் கல்யாணத்தில் சமையல்காரன் ஓடிப்போனபோது, எல்லாம் நான் பாத்துக்கறேன்தான். யாரை, எதை என்று ஒருத்தர் கேட்டதில்லை. சொன்னால் போதும், அவர்கள் நிம்மதியாகப் போய்த் தூங்குவார்கள். இப்போது இந்தச் சின்னப் பெண் யாரை என்கிறது. என் பெண்ணை என்றேன். மை டாட்டர். சொல்லிவிட்டு நோட்டை மூடிவைத்தேன். மிஸ் பார்த்தார், ஒரு ஏலக்காயை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. பரவாயில்லை. நிற்கிற காலுக்கு வலி தெரியவில்லை. வலி என்றதும் அது வந்துவிடுகிறது, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினாலும் போன வாரம் அவள் சொன்னது வந்து நிற்கிறது. வலி எடுத்தா யாரு அம்மணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க என்று கேட்டேன். ஐ வில் டிரைவ் மைசெல்ஃப்மா என்றாள். ஏதோ கடைக்குப் போய் கொத்துமல்லி வாங்கி வருகிற மாதிரி. அதற்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை, மிஸ் புண்ணியத்தில் அப்படியே புரிந்தது, புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளே அவளை ஓட்டிக்கொண்டு போவாளாம். பனிக்குடம் உடைந்து, இடுப்பு பிளக்க, சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை விழுந்ததும் கியர் போட்டு. அந்த ஊர் காருக்கு கியரே கிடையாதாம், தானாகப் போகுமாம், இவர் சொன்னார், எனக்கு ஆறுதல் சொல்கிறாராம். நான் வாணியைப் பெற்றபோது வெள்ளக்கோயிலில் எங்கள் பிறந்த வீட்டில் எத்தனை பேர். சித்தி காலைப் பிடித்துக்கொள்ள, அக்கா வெந்நீர் போட, வாசலில் அண்ணன் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு அணைக்கவே இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் நான் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே போனேன். மேடு பள்ளம் பார்த்து ஓட்டத் தெரியாதாடா உனக்கு என்று. திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டாமா? வலிக்கும்போது திட்டக்கூட ஆள் இல்லாமல் அந்தப் பிள்ளை யாரைத் திட்டும்? ரோட்டையா? என்னைத் திட்டட்டும், பக்கத்து சீட்டில் நான் இருக்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுதான், அதனால் என்ன, டாக்ஸி கூப்பிடத் தெரியும், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தெரியும், நடு ரோட்டில் நின்று கையைக் காட்டினால் எந்த நாட்டு வண்டியும் நிற்கும். இந்தச் சந்து வழியாக அந்தப் பாஸ்போர்ட் மட்டும் திரும்பி வராமல் இருக்க வேண்டும். திரும்பி வந்தால் என்ன செய்வேன்? அந்தக் கேள்விக்கு ஏஜென்ட் ஒன்றும் எழுதித் தரவில்லை.

பேங்க் மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் போய்க் கண்ணாடி முன் நின்றார்கள். அவர் இங்கிலீஷ் தண்ணீராக ஓடுகிறது, நான் இங்கிருந்தே கேட்கிறேன், ஒரு வார்த்தை தடுக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட வெள்ளைக்காரப் பையன், முப்பது வயதுதான் இருக்கும், அவனும் இங்கிலீஷில் கேட்கிறான். எங்கெங்கே போகப் போகிறீர்கள் என்கிறான். இவர் அருவி பேரைச் சொல்கிறார், பாலம் பேரைச் சொல்கிறார், இன்னொரு பள்ளத்தாக்கு பேரைச் சொல்கிறார், எந்த ஊரில் எது என்று நடுவில் ஒரு இடத்தில் குழம்பிவிட்டது போலிருக்கிறது, திரும்ப முதலிலிருந்து வருகிறார். மகன் வீட்டில் யார் யார் என்று கேட்கிறான். அவர் மறுபடி அருவிக்கே போகிறார். அந்த அம்மாள் அவர் முழங்கையை மெதுவாகத் தொட்டது, அவர் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் டைப் அடிக்கிற சத்தம். அப்புறம் சந்து வழியாக இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரு தாளும் வெளியே வந்தன. சாரி சார் என்றான் அந்தப் பையன், நிஜமாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் சொன்னான். மேனேஜர் தாங்க்யூ சொன்னார். பழக்க தோஷம், பாவம். என்னைத் தாண்டிப் போகும்போது அந்த அம்மாள் "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று கேட்டுக்கொண்டே போனது. அவர் பாஸ்போர்ட் இரண்டையும் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தார், பை சின்னது, உள்ளே போகவில்லை. எனக்கு அவரைக் கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது? அடுத்த டோக்கன் எண் பலகையில் சிவப்பாக விழுந்தது. என்னுடையது.

கால் தானாக நடந்தது, அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். பாஸ்போர்ட்டைச் சந்தில் தள்ளினேன். நிமிர்ந்து நின்று, களத்தில் கூலி ஆட்களைக் கூப்பிடுகிற குரலில், குட் மார்னிங் சார், ஐ ஆம் செல்வநாயகி என்றேன். மைசெல்ஃப் வரவில்லை. மிஸ் இருந்தால் கை தட்டியிருப்பார். அந்தப் பையன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"வணக்கம் அம்மா. நீங்கள் தமிழிலே பேசலாம்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நாலு மாதம் செல்போன் கடை மாடி ஏறியிருக்கிறேன். ஆஃப், ஆன், அப், டவுன் என்று தூக்கத்தில் முணுமுணுத்து இவரை எழுப்பியிருக்கிறேன். இப்போது இந்தப் பிள்ளை பள்ளிக்கூடப் புத்தகம் வாசிக்கிற மாதிரி தமிழ் பேசுகிறது. படித்ததை விட்டுவிட்டுப் போக நான் ஒன்றும் ஏமாளி இல்லை.

"எதற்காக அமெரிக்கா போகிறீர்கள்?"

"ஐ ஆம் கோயிங் ஃபார் சைட்சீயிங், சார். ஐ வில் என்ஜாய் மைசெல்ஃப்."

சிரித்தான். நல்ல சிரிப்பு, கேலி இல்லை. "நன்றாகப் பேசுகிறீர்கள். உங்கள் மகள் அங்கே யாருடன் இருக்கிறார்?"

வாக்கியம் நாக்கு நுனியில் நிற்கிறது. ஷி லிவ்ஸ் வித், அதற்கு மேல் இரண்டே இரண்டு வார்த்தைதான், சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் கேள்வி தமிழில் அல்லவா காதுக்குள் போய்விட்டது. யாருடன். இத்தனை நாளில் ஒருத்தரும் என்னைத் தமிழில் இப்படி நேராகக் கேட்டதில்லை, கேட்க விட்டதில்லை நான். அவியளுக்கென்ன என்று சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள்தான், அது இங்கே செல்லாது. தமிழில் புருஷனோடு இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தேன். அந்தப் பொய்யை நான் இங்கிலீஷில்தான் படித்திருந்தேன், தமிழில் அதை எந்த நாக்கால் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வாயால்தான் அவளுக்குப் பேர் வைத்தேன், பேய் விரட்டினேன், காய்ச்சலில் கிடந்தபோது அவளைச் சாமி சாமி என்று கூப்பிட்டேன்.

"தனியா இருக்கறாளுங்க சார்."

சொன்னது நான்தான். குரல்கூட என் குரல்தான். அவன் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டான். போச்சு என்று தோன்றியது, போனால் போகட்டும் என்றும் கூடவே தோன்றியது, அப்புறம் நிறுத்த முடியவில்லை. "மாப்பிள்ளை கூட இல்லீங்க. பிரிஞ்சுட்டாங்க. புள்ளைக்கு எட்டு மாசமுங்க. வலி எடுத்தா தானே கார் ஓட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிக்கறேங்கறா. கேட்டுட்டு எப்படிங்க இங்க ஒக்காந்திருக்கறது? ஊரு பாக்கப் போகலீங்க. அருவி எங்கூர்ப் பக்கமே இருக்குது. பிரசவம் பாக்கப் போறனுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மைக்கில் அவன் மூச்சு கேட்டது. "குழந்தை பிறந்த பிறகு அங்கேயே இருந்துவிடுவீர்களா அம்மா?"

"அங்க இருந்து நான் என்னங்க பண்றது?" எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "களத்துல தேங்கா கெடக்குது. மழை வந்தா பருப்ப அள்ளிப் போடோணும், நான் கத்துனாத்தான் ஆளுங்க ஓடி வருவாங்க. எங்கூட்டுக்காரருக்கு ஒரு டீ வெச்சுக்கத் தெரியாது, இப்பக்கூட வெளிய கடைலதான் குடிச்சுட்டு நிக்கறாரு. பச்ச ஒடம்பு, கொஞ்சம் தேறி எந்திரிச்சு நடமாடுனான்னா நான் வந்துருவேன்."

"மகளையும் அழைத்து வருவீர்களா?"

"கூப்புட்டாலும் வர மாட்டாளுங்க. அவ வேலைய வுட்டுட்டு வர்றவ இல்ல. என்னெ மாதிரிதான்."

தலையை ஆட்டிக்கொண்டான். டைப் அடித்தான். நிறைய அடித்தான், ஒரு சின்ன இல்லை என்பதற்கு இவ்வளவு எழுத்து எதற்கு? நான் கையை நீட்டிச் சந்துக்குக் கீழே வைத்துக்கொண்டேன். போன தடவை பாஸ்போர்ட் வேகமாக வந்து கீழே விழுந்துவிட்டது, குனிந்து பொறுக்கியது அவமானமாக இருந்தது, இந்தத் தடவை விழ விடக் கூடாது. வாணியிடம் என்ன சொல்வேன்? நீ அத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாயே, ஒரு வாக்கியம், அதை உன் ஆத்தாவால் சொல்ல முடியவில்லை என்று சொல்வேன். திட்டட்டும். சந்தில் ஒன்றும் வரவில்லை. அவன் என் பாஸ்போர்ட்டை எடுத்தான், பக்கத்தில் இருந்த பெட்டியில் போட்டான். அங்கே ஏற்கெனவே நாலைந்து பாஸ்போர்ட் கிடந்தன.

"பாஸ்போர்ட் இங்கே இருக்கும் அம்மா. போய் வாருங்கள்."

நான் கையை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர் "அம்மா, ஆயிருச்சும்மா, நகருங்க" என்றார். அப்போதுதான் பார்த்தேன், என் கை அங்கேயே நீட்டியபடி இருக்கிறது, அதில் ஒன்றும் இல்லை. தாங்க்யூ சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மிஸ் சொல்லிக் கொடுத்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. நல்லா இருங்க சாமி என்று மட்டும் சொன்னேன். அந்தப் பையனுக்கு அது புரிந்திருக்கும், புத்தகத் தமிழ் படித்தவன்தானே.

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ரோட்டைத் தாண்டி மரத்தடியில் இவர். என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக என் கையைத்தான் பார்த்தார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ஒரு நிமிஷம் புரியாமல் நின்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏம்புள்ள, அவகிட்ட நீயே சொல்லு" என்று போன் போட்டுக் கொடுத்தார். ஒரே மணியில் எடுத்துவிட்டாள். அங்கே ராத்திரி, சாப்பிடாமல்கூட உட்கார்ந்திருந்திருப்பாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன், பேச வரவில்லை. பேசாததை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"அம்மா? இல்லைன்னுட்டாங்களா? இட்ஸ் ஓகேமா. ரியலி. டோண்ட் பிளேம் யுவர்செல்ஃப். ஐ ஆம் ஃபைன். ஐ கேன் லுக் ஆஃப்டர் மைசெல்ஃப்."

ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

"அம்மணி," என்றேன். "அதத் தமிழ்ல சொல்லு."

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அது போய் முடிகிற வரைக்கும் காத்திருந்தேன். போனுக்குள் ஒரு மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

"முடியலம்மா. என்னால முடியல. நீ வாம்மா."

"வர்றேன் சாமி," என்றேன். "பாஸ்போர்ட்ட அவிய வாங்கி வெச்சுக்கிட்டாங்க. நான் வர்றேன்."